பள்ளியில் பிள்ளைக்கு அடிபட்டால்: முதல் நாளிலிருந்து வழக்கு வரை பெற்றோர் செய்ய வேண்டியவை

2024 ஆகஸ்டில் என் மகன் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். விளையாட்டு பீரியடில், தரையில் ஊன்றாமல் சும்மா நிறுத்தி வைத்திருந்த இரும்புக் கோல்போஸ்ட் சாய்ந்து அவன் மேல் விழுந்தது. வலது தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. உள்ளே கம்பி வைத்து அறுவை சிகிச்சை, நான்கு மாதம் படுக்கையும் வாக்கரும்.

நான் வேலை பார்க்கும் ஊரிலிருந்து ஓடி வருவதற்குள் பள்ளி அலுவலக ஊழியர் ஒருவர் அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். டியூட்டி டாக்டர் எப்படி நடந்தது என்று கேட்டபோது, “விளையாடும்போது தவறி விழுந்துட்டான்” என்று அவர் சொன்னார். அது அப்படியே பதிவேட்டில் ஏறியது. பிறகு நான் போன ஒவ்வொரு அலுவலகத்திலும் அந்த ஒரு வரியைத்தான் என் முன்னால் எடுத்துப் போட்டார்கள். அதைத் தாண்டி வர எனக்கு ஏழு மாதம் ஆனது. உங்களுக்கு அது நேரக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நான் வக்கீல் இல்லை. தமிழ்நாட்டில், கட்டணம் வாங்கும் ஒரு தனியார் பள்ளியோடு நடந்த போராட்டத்தில் கற்றுக்கொண்டது இது. அரசுப் பள்ளிக்கும் உதவிபெறும் பள்ளிக்கும் வழி மாறும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன்.

1. ஆஸ்பத்திரியில் சொல்லும் முதல் வாக்கியம்

அடிபட்டு வரும் எவருக்கும் ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில் குறிப்பு எழுதுவார்கள். அதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறார்கள். எங்கே, எத்தனை மணிக்கு, எதனால் காயம், யார் கூட்டி வந்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். போலீஸ், இன்சூரன்ஸ், நீதிமன்றம் எல்லாரும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பிள்ளை பேசும் நிலையில் இருந்தால் பிள்ளையே டாக்டரிடம் சொல்லட்டும். இல்லையென்றால் நீங்கள் சொல்லுங்கள். “பள்ளி மைதானத்தில், காலை 11.20 மணிக்கு, ஊன்றாத கோல்போஸ்ட் மேலே சாய்ந்ததில் அடி” என்று இடம், நேரம், பொருள் மூன்றும் அதில் வர வேண்டும். யார் மேல் தப்பு என்ற வாதம் அங்கே வேண்டாம். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

நீங்கள் போவதற்கு முன்பே தவறாக எழுதியிருந்தால் பதிவேட்டைத் திருத்தச் சொல்லிச் சண்டை போடாதீர்கள், திருத்த மாட்டார்கள். அன்றைக்கே நிலைய மருத்துவ அலுவலருக்கோ கண்காணிப்பாளருக்கோ ஒரு பக்க மனு கொடுங்கள். சேர்த்தவர் சொன்னது தவறு, நடந்தது இது, பிள்ளையிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள் என்று எழுதி, நகலில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். நான் இதை இருபது நாள் கழித்துச் செய்தேன். இருபது நாள் கழித்துச் சொன்னால் யோசித்துச் சொன்னதாகத்தான் எதிர்த்தரப்பு பேசும்.

இன்னொன்று. “பக்கத்துல நல்ல கட்டு வைத்தியர் இருக்கார், இலையை வச்சுக் கட்டினா சரியாயிடும்” என்று பள்ளியிலேயே சொல்வார்கள். வைத்தியம் எது என்பது உங்கள் முடிவு. ஆனால் நேராகக் கட்டுப் போடப் போய்விட்டால் ஏ.ஆர். காப்பி இருக்காது, எக்ஸ்ரே இருக்காது. முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் மற்றது.

வாங்கி வைக்க வேண்டியவை: ஏ.ஆர். காப்பி, எக்ஸ்ரே மற்றும் ஸ்கேன் படங்கள், டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லா பில்களும். காயச் சான்று பொதுவாகப் போலீஸ் கேட்டுத்தான் வரும். இன்சூரன்ஸுக்கு அசல் பில் கொடுக்க நேர்ந்தால், ஆஸ்பத்திரி சீல் போட்ட நகல் ஒரு செட் கையில் வைத்துக்கொண்ட பிறகே கொடுங்கள்.

2. விபத்து நடந்த இடம், கேமரா, உடன் இருந்த பிள்ளைகள்

நான் மறுநாள் பள்ளிக்குப் போனபோது கோல்போஸ்ட் அங்கே இல்லை. மூன்றாவது நாள் புதிய சிமெண்ட் போட்டு ஊன்றியிருந்தார்கள். நல்லவேளையாக வகுப்புத் தோழனின் அப்பா ஒருவர், பிள்ளையைக் கூப்பிட வந்த இடத்தில், விபத்து நடந்த அன்று மாலையே கைப்பேசியில் நான்கு படம் எடுத்து வைத்திருந்தார். வழக்கில் எங்களிடம் இருக்கும் பலமான ஆதாரம் அதுதான்.

ஆகவே நீங்கள் ஆஸ்பத்திரியை விட்டு நகர முடியாவிட்டாலும் ஒருவரை அன்றே அனுப்புங்கள். உடைந்த பொருள், சுற்றுப்புறம், தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று. படம் எடுத்த கைப்பேசியை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். மின்னணு ஆதாரத்துக்குப் பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி சான்று கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படத்தைவிட, எடுத்தவரின் கைப்பேசியில் இருக்கும் அசலுக்கு மதிப்பு அதிகம்.

சிசிடிவி பதிவு சில நாள், சில வாரங்களில் தானாகவே அழிந்து புதிய பதிவு ஏறிவிடும். “இன்ன தேதி, இன்ன நேரப் பதிவை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும்” என்று முதல் இரண்டு நாளுக்குள் தலைமை ஆசிரியருக்கும் தாளாளருக்கும் எழுதுங்கள். நகலைக் காவல் நிலையத்துக்கும் கொடுங்கள். கேட்ட பிறகு அழிந்தால் அதற்கு அவர்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

உடன் இருந்த பிள்ளைகளின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அவர்களிடம் நீங்களாக எழுதி வாங்காதீர்கள். பெற்றோர் மூலமாகப் போலீஸிடம் சொல்லட்டும். அடிபட்ட பிள்ளையின் படத்தையும் பெயரையும் குழுக்களில் போடுவதும் வேண்டாம். குற்ற வழக்கில் பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைச் சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது.

3. காவல் நிலையம்

“ஸ்கூல் மேல கேஸா? பிள்ளை படிக்கணும்ல மேடம்” என்றுதான் பேச்சு தொடங்கும். புகாரை எழுத்தில் கொடுங்கள், இரண்டு பிரதியாக. வாங்கியதும் சி.எஸ்.ஆர். ரசீது கேளுங்கள். ஆனால் சி.எஸ்.ஆர். வேறு, எஃப்.ஐ.ஆர். வேறு. சி.எஸ்.ஆர். புகாரை வாங்கியதற்கான ரசீது மட்டும்தான், எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) போட்டால்தான் வழக்கு. நான் சி.எஸ்.ஆரைக் கையில் வைத்துக்கொண்டு வழக்குப் பதிவாகிவிட்டது என்று ஒன்றரை மாதம் நம்பியிருந்தேன்.

2024 ஜூலை 1 முதல் நடந்த விபத்துக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். அலட்சியத்தால் காயம் என்றால் 125ஆம் பிரிவு. அதில் (ஏ) சாதாரணக் காயம், 6 மாதம் வரை சிறை. (பி) கொடுங்காயம், 3 ஆண்டு வரை. எலும்போ பல்லோ முறிந்தாலே அது கொடுங்காயம்தான், 116ஆம் பிரிவில் அப்படியே இருக்கிறது. எங்கள் எஃப்.ஐ.ஆரில் தொடை எலும்பு முறிவுக்கு 125(ஏ) போட்டிருந்தார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை இணைத்து எழுதிக் கொடுத்த பிறகுதான் மாற்றினார்கள். எஃப்.ஐ.ஆர். நகலை அங்கேயே நின்று வாசியுங்கள். அந்த நகல் இலவசம். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலும் பார்க்கலாம். கட்டடமோ சுவரோ இடிந்திருந்தால் 290ஆம் பிரிவையும் சேர்க்கச் சொல்லுங்கள். உயிரே போயிருந்தால் 106(1), 5 ஆண்டு வரை தண்டனை.

பி.டி. ஆசிரியர் பெயரை மட்டும் போட்டு முடித்துவிடப் பார்ப்பார்கள். எங்கள் விஷயத்தில் அந்த ஆசிரியர் கோல்போஸ்ட்டை ஊன்றித் தரச் சொல்லி நிர்வாகத்திடம் இரண்டு முறை கேட்டிருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. சம்பளம் குறைந்த ஒருவரைப் பலி கொடுத்துவிட்டு மற்றவர்கள் நழுவ நாமே காரணமாகிவிடக் கூடாது. “மைதானத்தையும் உபகரணங்களையும் பராமரிக்கும் பொறுப்பில் உள்ள நிர்வாகத்தினர்” என்று புகாரிலேயே எழுதுங்கள்.

நிலையத்தில் பதிவு செய்ய மறுத்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(4)இன்படி அதே புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். அங்கே ஸ்பீட் போஸ்ட் ரசீதும் டெலிவரி ஆனதற்கான அத்தாட்சியும் கேட்பார்கள்.

4. பள்ளி நீட்டும் காகிதம்

ஆபரேஷனுக்கு முந்தைய இரவு தாளாளரின் ஆள் ஒருவர் பழக்கூடையோடு வந்தார். “அம்மா, செலவு பூரா நாங்க பார்த்துக்கிறோம். ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க, ஆபீஸ் ஃபைலுக்கு” என்றார். அதில் எழுதியிருந்தது: மாணவனின் சொந்தக் கவனக்குறைவால் ஏற்பட்ட விபத்து, பள்ளியின் மீது புகார் ஏதும் இல்லை, இனியும் எழுப்ப மாட்டோம்.

தூக்கமில்லாமல், கட்ட வேண்டிய 1,85,000 ரூபாய்க்கு வழி தெரியாமல் இருந்தேன். என் தம்பி பக்கத்தில் இல்லாமல் இருந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

அந்த இரவில் எதிலும் கையெழுத்து வேண்டாம். உதவி செய்ய விருப்பம் இருந்தால் ஆஸ்பத்திரி கணக்கிலேயே கட்டச் சொல்லுங்கள், அல்லது வங்கி வழியாக வாங்குங்கள். ரொக்கம் வேண்டாம். வாங்கினால் “மருத்துவச் செலவில் ஒரு பகுதியாகப் பெற்றுக்கொண்டோம். மகனின் சட்டப்படியான உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை” என்று நீங்கள் எழுதி அனுப்புங்கள். மைனர் பெயரில் வழக்கு நடக்கும்போது நீதிமன்ற அனுமதி இல்லாமல் பெற்றோர் சமரசம் செய்ய முடியாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32ஆம் கட்டளை சொல்கிறது. அந்தப் பாதுகாப்பு வழக்கு தொடுத்த பிறகுதான் வேலை செய்யும். பழக்கூடை வரும் இரவில் நம்மை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கட்டண ரசீதை எடுத்துப் பாருங்கள். சில பள்ளிகளில் மாணவர் விபத்துக் காப்பீட்டுக்கென்று தனியாகப் பணம் வாங்குவார்கள். பாலிசி எண்ணைக் கேட்டு உடனே எழுதுங்கள், தகவல் தெரிவிக்கும் கெடு மிகக் குறைவாக இருக்கும். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு அரசின் விபத்து நிவாரணம் உண்டு. தலைமை ஆசிரியர் வழியாக முதன்மைக் கல்வி அலுவலருக்குக் கருத்துரு போக வேண்டும். அவர் அனுப்பாமல் வைத்திருந்தால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து எண் வாங்குங்கள்.

5. யாராவது பணம் கேட்டால்

காயச் சான்றுக்காக ஆறு தடவை நடந்தேன். “ரெடியாத்தான் இருக்கு, டைப் பண்றவருக்கு ஏதாவது பார்த்துக்குடுங்க” என்றார் எழுத்தர். 500 ரூபாய் கொடுத்தேன். சான்று அரை மணி நேரத்தில் வந்தது. அடுத்த வாரம் இன்னொரு அலுவலகத்தில் 3,000 கேட்டார்கள். இந்த அம்மா கொடுப்பார் என்று தெரிந்துவிட்டதோ என்று தோன்றியது.

கொடுத்தது தவறு என்று எனக்கு அப்போதே தெரியும். தெரியாதது சட்டம். 2018இல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் செய்த திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் 8ஆம் பிரிவின்படி குற்றம். கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாளுக்குள் போலீஸிலோ புலனாய்வு அமைப்பிலோ தெரிவித்தால் அந்தப் பிரிவு அவர்மேல் பாயாது. எனக்கு அந்த 7 நாள் போய்விட்டது. உங்களுக்குப் போகக் கூடாது.

கேட்டால் உடனே மறுத்துச் சண்டை போடாதீர்கள், கொடுக்கவும் வேண்டாம். “வீட்டுல கேட்டுட்டு வர்றேன் சார்” என்று வெளியே வாருங்கள். தேதி, நேரம், எந்த மேசை, என்ன வார்த்தை, எவ்வளவு தொகை என்று அப்போதே எழுதுங்கள். 1064க்குப் போன் செய்யுங்கள், அல்லது உங்கள் மாவட்டத்து லஞ்ச ஒழிப்புத் துறைப் பிரிவுக்கு நேரில் போங்கள். தேவை என்று பட்டால் அவர்களே, தொட்டவர் கையைக் காட்டிக்கொடுக்கும் பினாப்தலின் பவுடர் தடவிய நோட்டோடு பொறி வைப்பார்கள். அதற்கு முன் வெளியில் யாரிடமும் சொல்லாதீர்கள். முகநூலில் எழுதினால் அந்த மேசை அன்றே சுத்தமாகிவிடும். 3,000 கேட்ட இடத்தில் நான் எழுத்தில் கேட்டேன்: “நகல் தர எவ்வளவு கட்டணம், எந்த விதியின்படி, ரசீது உண்டா?” மறுநாள் நகல் கிடைத்தது. எல்லா இடத்திலும் இது பலிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

6. சான்றிதழ்களைத் தோண்டுங்கள்

கோல்போஸ்ட் ஏன் விழுந்தது என்பதற்கான விடையில் பாதி அரசு அலுவலகக் கோப்புகளில்தான் இருந்தது. தனியார் பள்ளி நடக்க உறுதித்தன்மைச் சான்று, தாசில்தார் தரும் கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று எல்லாம் வேண்டும். அவற்றை வைத்துத்தான் அங்கீகாரம் புதுப்பிக்கப்படும். இவற்றில் எதையாவது பார்க்காமலே கையெழுத்துப் போட்டிருந்தால் அது நம் பிள்ளையின் காலில், தலையில் வந்து விழுகிறது. 2012இல் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்தாளே, அந்தப் பேருந்துக்கும் சில நாள் முன்புதான் எஃப்.சி. (வாகனத் தகுதிச் சான்று) கொடுக்கப்பட்டிருந்தது. தமிழ்நாட்டின் பள்ளிப் பேருந்துச் சிறப்பு விதிகள் அந்தச் சாவுக்குப் பிறகு வந்தவை.

கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி ஆர்.டி.ஐ.க்கு, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்படாது என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். நேராகப் பள்ளியிடம் கேட்க வேண்டாம். கல்வித் துறை, வருவாய்த் துறை, தீயணைப்புத் துறை ஆகியவற்றின் கையில் இருக்கும் கோப்பைக் கேளுங்கள். தனியார் அமைப்பைப் பற்றி அரசு அலுவலகம் சட்டப்படி பெறக்கூடிய தகவலும் அந்தச் சட்டத்தின் 2(எஃப்) பிரிவின்படி தகவல்தான்.

கட்டணம் 10 ரூபாய். கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்பாக ஒட்டலாம். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வர வேண்டும். மூன்றாம் நபர் தகவல் என்று பள்ளிக்கு நோட்டீஸ் அனுப்பினால் 40 நாள் ஆகும். வரவில்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அதுவும் சரிவரவில்லையென்றால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையம். அங்கே நாள் பிடிக்கும்.

“ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?” என்று கேட்டால், அது தகவல் அல்ல என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எப்போதும் ஆவணத்தைக் கேளுங்கள். நான் கேட்டவை: கடைசியாக அங்கீகாரம் புதுப்பித்த ஆணையின் நகல், அதனோடு இணைத்த எல்லாச் சான்றுகளின் நகல், மூன்று ஆண்டு ஆய்வறிக்கைகள், இந்த விபத்து பற்றிப் பள்ளி கல்வி அலுவலருக்கு அனுப்பிய கடிதம், அதன் மேல் எழுதப்பட்ட குறிப்புகள். தனியார் பள்ளி என்றால் மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். மூன்று மனு 30 ரூபாய், 46 பக்கத்துக்கு 92 ரூபாய், தபால் தனி.

வந்த கட்டில் ஓர் ஆய்வறிக்கை. “விளையாட்டு உபகரணங்கள் நல்ல நிலையில் உள்ளன, மாணவர்கள் பயன்படுத்துவதை நேரில் காண முடிந்தது” என்று இருந்தது. தேதியை நாள்காட்டியில் பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பக்கத்தை மேசையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் அழுதேன். லஞ்ச ஒழிப்புத் துறைக்கு மனு கொடுத்திருக்கிறேன். அதிகாரி எடுத்த முடிவு தொடர்பான புகாரை விசாரிக்க ஊழல் தடுப்புச் சட்டத்தின் 17ஏ பிரிவின்படி முன் அனுமதி தேவை, அதனால் அது மெதுவாகத்தான் நகர்கிறது. ஆனால் இழப்பீட்டு வழக்குக்கு அந்த அனுமதி தேவையில்லை. அந்தப் பக்கம் இப்போது எங்கள் வழக்கில் ஆவணம்.

அரசுப் பள்ளியில் சுவரோ மேற்கூரையோ விழுந்தால் கேட்க வேண்டியது வேறு: ஒப்பந்தம், மதிப்பீடு, எம்.புக் (செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம்), பணம் வழங்கிய பட்டியல், கடைசியாகக் கட்டடத்தைப் பார்த்த பொறியாளரின் அறிக்கை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிவறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்த பிறகுதான் மாநிலம் முழுவதும் பழுதான பள்ளிக் கட்டடங்களைத் தேடித் தேடி இடித்தார்கள். உங்கள் பள்ளிக் கட்டடம் அந்தக் கணக்கெடுப்பில் வந்ததா, என்ன எழுதினார்கள் என்றும் கேளுங்கள்.

7. இழப்பீட்டை எங்கே கேட்பது

கிரிமினல் வழக்கில் தண்டனை கிடைக்கலாம், பிள்ளையின் அடுத்த அறுவை சிகிச்சைக்குப் பணம் கிடைக்காது. அதற்குத் தனி வழி வேண்டும்.

பள்ளி நேரத்தில் பெற்றோர் இடத்தில் இருப்பது பள்ளிதான். ஊழியரின் அலட்சியத்துக்கு நிர்வாகமும் பொறுப்பு. 1995இல் பியாஸ் ஆற்றுக்குச் சுற்றுலா அழைத்துச் சென்ற 14 மாணவர்கள் மூழ்கி இறந்த வழக்கில், ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் ரூபாய் என்ற உத்தரவை 2001இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. எம்.எஸ். கிரேவால் வழக்கு என்று சொன்னால் வக்கீல்களுக்குத் தெரியும்.

நுகர்வோர் ஆணையம்: கட்டணம் கட்டும் பள்ளிக்கு மட்டும். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கெடு 2 ஆண்டு. ஆனால் இங்கே ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. கல்வி நிறுவனமும், அது நடத்தும் விளையாட்டு, நீச்சல், சுற்றுலா போன்றவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2020இல் தேசிய ஆணையம் சொல்லியது. ஆனால் 2021இல், பள்ளிச் சுற்றுலாவில் மூளைக்காய்ச்சல் கண்டு முடங்கிப்போன பெங்களூரு ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு, நுகர்வோர் வழக்கிலேயே 88.73 லட்சம் ரூபாயை உச்ச நீதிமன்றம் மீட்டுக் கொடுத்தது. இப்படி இரண்டு விதமாக இருப்பதால் பள்ளி முதல் நாளே “இது இங்கே நிற்காது” என்று வாதிடும். அதற்குத் தயாராக இருந்தால் மட்டும் போங்கள்.

சிவில் வழக்கு: நாங்கள் எடுத்தது இதுதான். பொதுவாக 3 ஆண்டுக் கெடு. பாதிக்கப்பட்டவர் மைனர் என்றால் 18 முடிந்து 3 ஆண்டு வரை, அதாவது 21 வயது வரை பிள்ளையின் பெயரில் தொடுக்கலாம். அதற்காகக் காத்திருக்காதீர்கள், சாட்சிகள் ஊர் மாறிவிடுவார்கள். கோர்ட் ஃபீஸ் கேட்கும் தொகையில் 3 சதவீதம். 10 லட்சம் கேட்டால் 30,000 ரூபாய். கட்ட முடியாதவர்கள் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 33ஆம் கட்டளையின் கீழ் கட்டணமில்லாமல் வழக்குத் தொடுக்க அனுமதி கேட்கலாம். அரசுப் பள்ளி என்றால் வழக்குக்கு 2 மாதம் முன்பே அதே சட்டத்தின் 80ஆம் பிரிவு நோட்டீஸ் அனுப்ப வேண்டும், அதை மறந்தால் வழக்கு வாசலிலேயே நின்றுவிடும்.

பிள்ளை இறந்துவிட்டால் வழக்குப் போடுவது பெற்றோர், ஆகவே மைனர் கெடு நீட்டிப்பு கிடைக்காது. கொடிய விபத்துகள் சட்டத்தின் கீழ் 2 ஆண்டுதான். துக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு இந்தத் தேதியை யாராவது ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அரசுப் பள்ளியின் தவறு ஆவணத்திலேயே தெளிவாக இருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். சென்னையிலோ மதுரைக் கிளையிலோ, உங்கள் மாவட்டத்தைப் பொறுத்தது. நடந்ததே வேறு என்று பள்ளி மறுத்தால் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். பள்ளிப் பேருந்தில் அடிபட்டால் இந்தப் பாதை எதுவும் வேண்டாம். மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள், 6 மாதத்துக்குள் மனுப் போட்டுவிடுங்கள்.

8. வக்கீல், செலவு, காலம்

ஒரு வக்கீல் 40,000 முன்பணமும் வருவதில் 25 சதவீதமும் கேட்டார். கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பது வக்கீல் தொழில் விதிகளுக்கு எதிரானது, ஒப்புக்கொள்ளாதீர்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும். தொலைபேசி 15100. ஆதார், பிள்ளையின் பிறப்புச் சான்று, எஃப்.ஐ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி போதும். கோர்ட் ஃபீஸையும் ஏற்கச் சொல்லி விண்ணப்பத்திலேயே கேளுங்கள். எங்களுக்கு மூன்று வாரத்தில் வக்கீல் ஒதுக்கினார்கள். இளம் பெண், எங்கள் கோப்பை எங்களைவிட நன்றாகப் படித்து வைத்திருக்கிறார்.

எவ்வளவு கேட்பது என்று முடிவு செய்யும் முன், இனி ஆகப்போகும் செலவை டாக்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். கம்பி எடுக்கும் அறுவை சிகிச்சை, பிசியோதெரபி, கால் நீளத்தில் வித்தியாசம் வந்தால் அதற்கான காலணி வரை எழுதித் தரச் சொல்லுங்கள். நிரந்தரக் குறைபாடு இருந்தால் மருத்துவக் குழுவின் சதவீதச் சான்று வேண்டும். அதைச் சிகிச்சை முடியும் முன் வாங்காதீர்கள், பாதியில் எடுத்த சதவீதம் கடைசிவரை ஒட்டிக்கொள்ளும். துணைக்கு இருந்தவர் எடுத்த லீவு, ஆட்டோ, வீட்டு ட்யூஷன் எல்லாவற்றுக்கும் அன்றன்றே நோட்டில் கணக்கு எழுதுங்கள். ஆட்டோக்காரர் ரசீது தர மாட்டார்தான். தேதியும் தொகையும் வண்டி எண்ணும் எழுதிய நோட்டை எங்கள் வக்கீல் அப்படியே ஆவணமாகப் போட்டார்.

காலம் பற்றி: எஃப்.ஐ.ஆர். சரியான பிரிவில் வர 3 மாதம், ஆர்.டி.ஐ. ஆவணங்கள் முழுதாக வர 5 மாதம், வழக்குத் தாக்கல் விபத்து நடந்து பதினோராவது மாதம். இப்போது சாட்சி விசாரணையில் இருக்கிறது. நடுவில் “டி.சி. வாங்கிட்டுப் போங்க” என்ற பேச்சும் வந்தது. அப்படிச் சொன்னால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். நான் கேட்டேன், தரவில்லை. அதே நாளில் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கும் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் மனு அனுப்பினேன், கட்டணம் எதுவும் இல்லை. அதற்குப் பிறகு டி.சி. பேச்சு வரவில்லை. அவன் அதே பள்ளியில்தான் பத்தாம் வகுப்பு முடித்தான்.

எல்லா ஆவணத்தையும் மூன்று செட்டாக வைத்திருங்கள்: வீட்டில் ஒன்று, வக்கீலிடம் ஒன்று, இன்னொருவர் வீட்டில் ஒன்று. முதல் பக்கத்தில் தேதி வரிசைப் பட்டியல் ஒட்டுங்கள். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அந்த ஒரு பக்கத்தின் நகலை முதலில் நீட்டுங்கள். எதிரில் இருப்பவருக்கு முழுக் கதை கேட்கப் பொறுமை இருக்காது, ஆனால் ஒரு பக்கத்தைப் படித்துவிடுவார்கள்.